பிய்யாத சப்பாத்தி

செசிலியா கண் சிவக்கக் கடைக்குள் நுழைந்ததைப் பார்த்ததும் லோகேஸ்வரன் கல்லாவை மூடிவிட்டு எழுந்தான்.

"எங்க வீட்டுக்காரரை மறுபடி ஆஸ்பத்திரியில சேர்த்தாச்சு தம்பி," என்றாள், கைப்பையைக் கல்லாவின் மேல் வைத்து. "எலும்பும் தோலுமா கிடக்குறார். ராத்திரி பூரா தூக்கம் இல்ல எனக்கு."

"அலமாக்! ஐயோ," என்றான் லோகேஸ்வரன். நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினான்.

பாசிர் கூடாங் ஊரில் அவனுடைய ஆரோக்கிய உணவுக் கடைக்கு நல்ல பெயர். சாமை, வரகு, முருங்கை மாத்திரை, சுருள்பாசி மாத்திரை என்று அலமாரி அலமாரியாக ஆயுளை அடுக்கி விற்றான். எல்லாவற்றிலும் 'குளூட்டன் இல்லாதது', அதாவது கோதுமையின் பசைச்சத்து சேராதது, என்று ஒரு பச்சை ஸ்டிக்கர். கோதுமைக்கும் தேங்காய் எண்ணெய்க்கும் ஒரு சம்பந்தமும் இல்லை; இருந்தாலும் எண்ணெய்ப் போத்தலிலும் ஒட்டியிருந்தான். கடையில் ஒன்றாவது உண்மை இருக்கட்டுமே.

பெயரை வாங்கிக் கொடுத்தது அவனே கலந்து விற்ற சப்பாத்தி மாவு. அரிசியும் மரவள்ளியும் மட்டும் என்று பாக்கெட் சொல்லும். மூன்றில் ஒரு பங்கு கோதுமை என்பதைச் சொல்லாது. கோதுமை சேராத மாவு தேய்த்தால் பிளக்கும், எடுத்தால் பிய்யும், கல்லில் போட்டால் அப்பளமாகும். அதை ஒரு முறை வாங்கியவன் மறுமுறை அந்தத் தெருப் பக்கம் வருவானா?

உடம்பு இளைக்க ஆசைப்பட்டு குளூட்டனை விட்டவர்களுக்கு அதனால் ஒரு கெடுதலும் இல்லை. "வயிறு லேசா இருக்கு பாஸ்," என்று சொல்லி இன்னும் இரண்டு பாக்கெட் எடுத்துப் போனார்கள்.

செசிலியாவின் வீட்டுக்காரர் சந்தனசாமி கதை வேறு. அவருக்கு நிஜமான வியாதி. கோதுமை பொடியளவு உள்ளே போனாலும் குடல் புண்ணாகி, தின்றது எதுவும் உடம்பில் ஒட்டாது. இதை முதல் நாளே சொல்லியிருந்தாள்.

"கோயில் பூசையில குடுக்கற நன்மை அப்பம்கூட வாங்க விடறதில்ல தம்பி. அதுவும் கோதுமைதானே? ஃபாதர்கிட்ட பேசி திராட்சை ரசம் மட்டும் குடுக்கச் சொல்லியிருக்கேன். அவ்வளவு கவனமா பாக்குறேன்."

அன்றைக்கே லோகேஸ்வரன் வாயைத் திறந்திருக்கலாம். தானாக வந்த வாடிக்கையைத் துரத்த மனம் வரவில்லை.

அடுத்த வாரம் சிரித்துக்கொண்டே வந்தாள். "உன் மாவு பூரி மாதிரி உப்புது தம்பி. வேற எந்தக் கடை மாவும் இப்படி வந்ததில்ல. சப்பாத்தி பிஞ்சா எங்க வீட்ல தட்டு பறக்கும், தெரியுமா?" புருவத்தில் இருந்த பழைய தழும்பைத் தடவிக்கொண்டாள். முருங்கை மாத்திரைக்கு அரை மணி நேரம் பேரம் பேசுகிறவள், மாவுக்கு மட்டும் கேட்ட விலையைக் கொடுத்துவிட்டுப் போவாள்.

இப்போது லோகேஸ்வரன் கல்லாவின் மேல் குனிந்தான். "டாக்டர் என்னக்கா சொல்றார்?"

"எங்கிருந்தோ கோதுமை உள்ள போகுதுங்கறார். மாவு எந்தக் கடையில வாங்குறீங்கன்னு கேட்டார்."

"நீங்க..."

"சொல்லல லா. நல்ல கடையாச்சே, உன் பேர் எதுக்குக் கெடணும்?"

அந்த நல்ல மனசுதான் அவனைக் கொன்றது. அன்றே கலக்கும் இயந்திரத்தைக் கழுவித் துடைத்தான். அரிசி, மரவள்ளி, ஒட்டுவதற்குக் கொஞ்சம் இசப்கோல் உமி. கோதுமை மூட்டையின் பக்கம் திரும்பவே இல்லை. சந்தனசாமி வீடு திரும்பிய அன்று ஒரு மூட்டை நிறையப் புது மாவு பாக்கெட்டுகளை அவனே கொண்டுபோய் இறக்கினான். 'பழசுல வண்டு விழுந்திடுச்சிக்கா' என்று சொல்லி, மிச்சம் இருந்த பாக்கெட்டுகளை எல்லாம் திரும்ப வாங்கி வந்து கால்வாயில் கொட்டினான்.

இரண்டு மாதம் கழித்து செசிலியா வந்தாள். புருவத்துக்கு மேல் புதிதாக ஒரு பிளாஸ்திரி.

"எப்படிக்கா இருக்கார்?"

"எந்திரிச்சிட்டார் தம்பி. நல்லா சதை போட்டுட்டார். அடுத்த வாரம் ஷிப்டுக்குப் போலாம்னு டாக்டர் சொல்லியாச்சு. பழையபடி சத்தமும் வந்திடுச்சி."

லோகேஸ்வரனுக்கு மூச்சு சீராக வந்தது. ஓர் உயிரைக் காப்பாற்றிவிட்ட பூரிப்பில் முருங்கை மாத்திரை டப்பா ஒன்றை எடுத்துச் சும்மா நீட்டினான். அந்தக் கடை திறந்ததிலிருந்து அப்படி ஒன்று நடந்ததில்லை.

அவள் அதைத் தொடவில்லை. கைப்பையிலிருந்து பாதி தீர்ந்த மாவு பாக்கெட்டை எடுத்துக் கல்லாவின் மேல் வைத்தாள்.

"சப்பாத்தி பிய்யுது," என்றாள். விரல் பிளாஸ்திரியைத் தொட்டுவிட்டு இறங்கியது.

"அது ஒண்ணும் இல்லக்கா. சுடுதண்ணி ஊத்திப் பெசைஞ்சு, கொஞ்ச நேரம் மூடி வச்சீங்கன்னா..."

"டாக்டர் மறுபடியும் கடைப் பேரைக் கேட்டார்." அவள் பாக்கெட்டை அவன் பக்கம் நகர்த்தினாள். "இன்னும் சொல்லல."

லோகேஸ்வரன் அவள் முகத்தைப் பார்த்தான். மாத்திரைக்கு விலை குறைக்கச் சொல்லும்போது இருக்கும் அதே முகம், அதே நிதானம்.

"இதுல கோதுமை இல்ல தம்பி. பழைய மாவே குடு."