சரிவுக்கு அடியில் ஒரு ஸ்கூட்டர்

"உங்க ஸ்கூட்டரை அந்தச் சரிவுக்கு அடியில நிறுத்துங்கம்மா" என்றார் குவாரி முதலாளி ஏசுபாதம்.

"எதுக்கு சார்?"

"டம்பர் லாரிக்குப் புது பிரேக் மாட்டினவங்க வண்டி அங்கதான் நிக்கணும். நம்ம குவாரி வழக்கம்."

"போன தடவை மாட்டினவர்?"

"பஸ்ல போனார்."

அஃப்ஷான் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு போய் நிறுத்தினாள். அது அவள் அக்கா நிகத்தினுடையது. அக்காவுக்கு விஷயம் தெரியாது. தெரியாதவரை இருவருக்கும் நிம்மதி. ஆனால் வேறு வழியில்லை. மீதி ஆறு டம்பர்களுக்கும் ஆர்டர் கிடைக்காவிட்டால், திருமுடிவாக்கத்தில் அவள் நடத்தும் பிரேக் பட்டறைக்கு ரம்ஜானுக்குள் பூட்டுதான்.

"சார், இது மத்த பிரேக் மாதிரி இல்ல. இன்ஜின் நின்னு, ஆயில் பிரஷர் கொஞ்சம் கொஞ்சமா இறங்கிப் போச்சுன்னா, உள்ள இருக்கற ஸ்பிரிங் தானாவே கவ்விப் பிடிச்சுக்கும். இறக்கத்துல ஒருதடவை இன்ஜினை ஆஃப் பண்ணச் சொல்லுங்களேன்."

"லோடோட, இறக்கத்துல, இன்ஜின் ஆஃபா? எந்த டிரைவர்மா செய்வான்? மிதிச்சா நிக்குதான்னு பார்ப்போம், போதும்."

டிரைவர் சிட்டிபாபு கேபினில் ஏறுமுன் அவளிடம் வந்தான். "மேடம், புடிக்கும்ல? வூட்ல கொழந்த கீது."

"நம்புங்கண்ணா."

"நம்பிக்க நெறைய கீது மேடம்" என்றவன், கேபின் கதவைச் சாத்தாமலே கிளம்பினான்.

முழு லோடு கருங்கல்லோடு டம்பர் இறங்கியது. கிளம்பிய புழுதியில் கேபினே தெரியவில்லை. அஃப்ஷான் கண்களை இறுக மூடிக்கொண்டாள். கிறீச்சென்று ஒரு சத்தம். அப்புறம் அமைதி.

கண்ணைத் திறந்தாள். டம்பருக்கும் ஸ்கூட்டருக்கும் நடுவே ஒரு டிபன் பாக்ஸ் வைக்கலாம். பெரிய டிபன் பாக்ஸ் வைக்க முடியாது.

"அடேயப்பா, என்னமா மிதிச்சிருக்கான்!" ஏசுபாதம் கைதட்டினார். "மிதிச்சா நிக்குது, ஒத்துக்கறேன்மா. ஆனா அந்த ஸ்பிரிங் கதையைக் கண்ணால பார்க்காம ஆறு வண்டியையும் உங்ககிட்ட விடமாட்டேன். டேய் சிட்டிபாபு, இறங்கி வாடா!"

கேபினிலிருந்து யாரும் இறங்கவில்லை.

சரிவின் மேலே, வேலிக்காத்தான் புதரிலிருந்து ஒரு தலை மெல்ல எழுந்தது. கையில் வண்டிச் சாவி.

"மொதலாளி, பயத்துல இன்ஜின ஆஃப் பண்ட்டு அப்பவே குதிச்சிட்டேன்... ஸ்கூட்டர் காலியா?"