கன்னத்தில் ஏறும் நிறம்

நாஜிகள் யூதர்களான எங்களை அடைத்து வைத்திருக்கும் லோட்ஸ் கெட்டோவில் எங்கள் அறைச் சன்னலோரம், காலை வெளிச்சத்தில், கறைபட்ட துணியைக் கையில் பிடித்தபடி நிற்கிறாள் ஹிண்டா. பதினான்கு வயது. பட்டினியில் எங்களுக்கெல்லாம் நின்றுபோனது அவளுக்கு இன்றைக்குத்தான் முதன்முதலாக வந்திருக்கிறது. அவள் அம்மா ப்லூமா, உருளைக்கிழங்குத் தோல் வேகும் சட்டியை இறக்கி வைத்துவிட்டு வந்து, பளாரென்று ஓர் அறை விடுகிறாள்.

"எதுக்கும்மா அடிச்சே?"

"மஸல் தோவ், நல்லதே நடக்கட்டும். பெரியவளாயிட்டே. வெளுத்த கன்னத்துக்கு ரத்தம் திரும்பணும்னு எங்கம்மாவும் இப்படித்தான் அடிச்சா."

எங்கள் தாய்மார் எல்லோரும் செய்வதுதான். மெல்லத் தட்டிவிட்டு, சிரித்துக் கட்டிக்கொள்வார்கள். ப்லூமா சிரிக்கவில்லை. மறு கன்னத்தில் இன்னும் பலமாக அறைகிறாள். அடுத்த கட்டிலிலிருந்து நான் பதறி எழுகிறேன்.

"ரெண்டாவது எதுக்குடி? வழக்கத்துல இல்லையே?"

"அது வழக்கத்துக்கு. இது வரிசைக்கு."

கீழே முற்றத்தில் விசில் ஊதுகிறது. எல்லோரும் இறங்கி வரிசையில் நிற்க வேண்டும். வெளுத்த முகங்களைத்தான் லாரியில் ஏற்றுகிறார்கள். போன வாரம் ஏற்றியவர்களில் ஒருவரும் திரும்பவில்லை. ஹிண்டாவின் கன்னங்கள் இரண்டும் பீட்ரூட்டாய்ச் சிவந்திருக்கின்றன. ப்லூமா தலைத்துணியைத் தளர்த்தி, சுண்ணாம்பாய் வெளிறிய தன் முகத்தை மகளுக்கு நேரே குனிந்து நீட்டுகிறாள்.

"இப்ப நீ என்னை அடி. கண்ணை மூடிக்காதே, குறி தப்பிடும்."

மறுபடி விசில். ஹிண்டா துணியைக் கீழே வைக்கிறாள். கையை ஓங்குகிறாள்.

நான் என் கன்னத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, ப்லூமாவுக்குப் பின்னால் போய் நிற்கிறேன்.