சாட்சி சொல்லாத ஞாயிறு

மாமியாரின் காரியம் முடிந்த மறுநாள், அவரைக் கவனித்துக்கொள்ள அமர்த்தியிருந்த சலோமி விடைபெற வந்தபோது, அவளிடம் லாவண்யா கதவைச் சாத்திவிட்டுப் பேசினாள்.

"அக்கா, நீங்க பார்த்துக்கிட்டவங்க போனப்புறம் சபையில சாட்சி சொல்வீங்களாமே? எங்க கம்பெனி பஸ்ல பாகலூர்ல ஏறுற உங்க சபைப் பொண்ணு சொன்னா."

"ஆமாம்மா. ஆண்டவர் நடத்தினதைச் சொல்றது எங்க வழக்கம்."

பார்வை போய், காதும் மந்தமாகிப் படுத்துவிட்ட மாமியார் நாகம்மாளுக்கு எல்லாம் செய்தவள் சலோமிதான். லாவண்யா ஒரு வாய் கஞ்சி ஊட்டியதில்லை. ஷிப்ட் இல்லாத நாளிலும் நாற்றம் என்று அந்த அறைப் பக்கம் போனதில்லை. ஆனாலும் நாகம்மாள், பார்க்க வந்த உறவுக்காரர்களிடமெல்லாம், "என் மருமவ கையாலதான் சாப்பிடுறேன்" என்றாள். வீட்டு மானத்தைக் காப்பாற்றுகிறாள் என்றே லாவண்யா நினைத்திருந்தாள்.

"எங்க வீட்டைப் பத்திச் சொல்லிடாதீங்கக்கா. பஸ்ல தலைகாட்ட முடியாது."

"இந்தத் தடவை நான் எந்திரிக்கவே மாட்டேம்மா. தினமும் பொய் சொன்ன வாயால எப்படிச் சாட்சி சொல்றது?"

"என்ன பொய்?"

"நான் ஊட்டினா அம்மா வாயைத் திறக்க மாட்டாங்க. காதுக்கிட்டப் போயி, 'லாவண்யா வந்திருக்கேன் அத்தை'ன்னு சொல்லித்தான் ஊட்டினேன்."

திங்கட்கிழமை பஸ்ஸில் அந்தச் சபைப் பெண் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நேத்து சலோமியக்கா சாட்சியே சொல்லலைடி. அக்கா உங்க மாமியாரைச் சரியாப் பார்த்துக்கலை போலன்னு சபையில பேசிக்கிறாங்க. நெஜமா?"

லாவண்யா வாயைத் திறக்கவில்லை.