உழக்குப் பால்

"நாலு மணி பஸ்ஸுக்கு நான் போறேங்க. பொட்டியக் கட்டிட்டேன்."

சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்த இருதயசாமியின் கை அப்படியே நின்றுவிட்டது. காலை ஷிப்டுக்குச் சங்கு ஊத இன்னும் கால் மணி நேரம்தான் இருந்தது.

"வந்து ரெண்டு நாளுதானே லூசி ஆச்சு?"

"ரெண்டு நாளே போதும்ங்க. அலை சத்தம் இல்லாம எனக்குத் தூக்கமே வரல. காத்துல உப்பு இல்ல. குழாயத் தொறந்தா தண்ணி வெதுவெதுன்னு வருது. நேத்து நீங்க வாங்கியாந்த மீனப் பாத்ததும் எனக்கு அழுவையே வந்திடுச்சு. அது செத்து எத்தினி நாளாச்சோ, பாவம்!"

லூசியம்மாள் கடலூர்ப் பக்கம் கடற்கரைக் குப்பத்தில் பிறந்து வளர்ந்தவள். அவனோ இந்த நெய்வேலியில் மூன்று வருஷம் தகரக் கொட்டகையில் நாற்பது பேரோடு படுத்துக் கிடந்து, பர்மனெண்ட் ஆகி, குடும்பத்தோடு இருப்பேன் என்று எழுதிக் கொடுத்து இந்தக் குவார்ட்டர்ஸை வாங்கியிருக்கிறான். அவள் போய்விட்டால் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடியும் கொட்டகைக்குத்தான் போகவேண்டும். அதைச் சொல்லி அவளைக் கட்டிப்போட அவனுக்கு மனம் வரவில்லை.

"சரி. ரெண்டு மணிக்கு வந்துடறேன். நானே பஸ் ஏத்தி விடறேன்" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தான்.

அவன் தலை மறைந்ததும் லூசி பெட்டிமேல் உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுதாள். பாவி மனுஷன், ஒரு வார்த்தை திட்டியிருந்தாலாவது மனசு ஆறியிருக்கும்!

"யாரு அழுவறது? உள்ள வரலாமா?"

பக்கத்து வீட்டுப் பெண் வாசலில் நின்றாள். முப்பது வயது இருக்கும். கண் லேசாக வீங்கியிருந்தது. தூங்கி எழுந்த முகம் போலிருக்கிறது என்று லூசி நினைத்துக்கொண்டாள்.

"எம் பேரு தனம். காடாம்புலியூரு. ஊருக்குப் போறேன்னு சொன்னது எங்க வூடு வரைக்கும் கேட்டுச்சு. சுவரு அப்படி!"

"போவாம என்னாக்கா பண்றது? இது ஒரு ஊரா? எல்லா வூடும் ஒரே மாதிரி. எல்லாத் தெருவும் ஒரே மாதிரி. நேத்து வெளிய போயிட்டு, எங்க வூடு எதுன்னு தெரியாம நடுரோட்டுல நின்னேன்."

"நானும் நின்னேன்" என்றாள் தனம். "கதவத் தட்டினா எவனோ மீசக்காரன் வந்து நிக்கறான்!"

லூசிக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது.

"நீங்களும் அழுதீங்களாக்கா?"

"அழுவாம? எங்க ஊருல முந்திரித் தோப்புல பத்துப் பொம்பளைங்க ஒண்ணா உக்காந்து பேசிகினு கொட்ட பொறுக்குவோம். இங்க பேச்சுத் துணைக்கு ஒரு ஈ காக்கா இல்ல. அழுதேன், நல்லா அழுதேன்."

"எத்தினி நாளு?"

"அதையெல்லாமா எண்ணிகினு இருப்பாங்க? எல்லாம் பழகிடும். பூமிக்கு அடியிலேர்ந்து எடுக்கற தண்ணி, அதான் சூடு. மொதல் சங்குக்கு ஒல வெச்சா, ரெண்டாம் சங்குக்குச் சோறு வடிச்சிடலாம். வெள்ளிக்கெழமையில கடலூர் மீனு நல்லதா வருதாம்" என்று ஒப்பிப்பதுபோல் சொல்லிக்கொண்டே வந்தவள், அடுப்பைப் பார்த்துவிட்டு, "பாலு காய்ச்சினியா?" என்றாள்.

"மாதா கோயில் சாமியார் வந்து வூடு மந்திரிச்சப்பறம்னு இருந்தேன்."

"அடிப் பாவி, அதான் வூடு ஒட்டல! சாமியார் வர்றப்ப வரட்டும். பாலு பொங்கினா எந்தச் சாமியும் கோவிச்சுக்காது. இரு!"

தனம் விடுவிடுவென்று போய் ஒரு சொம்பில் பாலோடு வந்தாள். பெட்டியைத் திறந்து பாத்திரத்தை அவளே எடுத்தாள். மாதா படத்தையும் எடுத்து ஆணியில் மாட்டினாள். லூசி வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தாள், யார் கேட்டது? புதுக்கரி புகைந்து, இருவர் கண்ணிலும் நீர் வழிந்து, கடைசியில் பால் நுரைத்து விளிம்பைத் தாண்டி வழிந்தது.

"பொங்கிச்சு, பொங்கிச்சு!" என்று தனம் கையைத் தட்டினாள். லூசியைவிட அவளுக்குத்தான் சந்தோஷம் அதிகம் போலிருந்தது.

ஆளுக்கு ஒரு தம்ளர் குடித்தார்கள். பிறகு ஊர்க்கதை பேசினார்கள். பேச்சோடு பேச்சாகப் பெட்டியும் காலியாகிவிட்டது. மத்தியானச் சங்கு ஊதியபோதுதான் தனம் எழுந்தாள்.

"போவமாட்டியே?" என்று லூசியின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"நீங்க இருக்கறப்ப எதுக்குக்கா போறேன்?"

இருதயசாமி சைக்கிளை நிறுத்திவிட்டு முகம் தொங்க உள்ளே வந்தான். மாட்டியிருந்த மாதா படத்தைப் பார்த்துத் திகைத்து நின்றான்.

"பொட்டி எங்க லூசி?"

"பிரிச்சாச்சு. பக்கத்து வூட்டு அக்காதான் சொன்னாங்க, எல்லாம் பழகிடும்னு. இத்தினி வருஷமா இங்கயே இருக்கறவங்க சொல்றப்ப கேக்கணுமில்ல?"

"எத்தினி வருஷமா?" என்று இருதயசாமி புரியாமல் விழித்தான்.

அதற்குள் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து தனத்தின் புருஷன் பழனிவேலின் குரல் கேட்டது. "தனம், நீ ஜெயிச்சுட்ட. வந்து நாலு நாளா மூட்டையப் பிரிக்கல, அடுப்புப் பத்த வெக்கல, பாலு காய்ச்சறதுக்குன்னு காலைல வாங்கியாந்த பாலயும் எங்கயோ ஊத்திட்ட. வா, நாலு மணி பஸ்ஸுல ஏத்தி விடறேன்."

"பஸ்ஸு போவட்டுங்க. நீங்க போயி இன்னொரு ஒழக்கு பாலு வாங்கியாங்க" என்றாள் தனம். "பக்கத்து வூட்டுப் பொண்ணு போவலையாம்."