பெயர் வராத சந்தேகம்

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை முடிந்து சஹானா திரும்பியபோது, குடியிருப்பின் கேட் அவளுக்குத் திறக்கவில்லை. கேட்டில் இருந்த திரை, "பத்து பேருக்குச் சந்தேகம்" என்று காட்டியது. ஒருவர் மேல் பத்து சந்தேகம் சேர்ந்துவிட்டால் அவருக்கு கேட் திறக்காது. குடியிருப்பின் செல்போன் செயலியில் 'சந்தேகம்' என்று அழுத்தியவர்களின் பெயர் வெளியே வராது. அதைத் திரும்பப் பெற்றால்தான் பெயர் திரையில் வரும். அதனால் யாரும் திரும்பப் பெறுவதில்லை.

குடிவந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அவள் திருநங்கை என்று தெரிந்ததும் முகம் திருப்பியவர்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தாள். லிஃப்டில் பேசாத குருநாதனா? பிள்ளையைப் பக்கத்தில் இழுத்துக்கொண்ட கீழ்வீட்டுக்காரியா? எதிர்வீட்டுப் புஷ்பவல்லியை மட்டும் அவள் சந்தேகிக்கவில்லை.

அந்தப் புஷ்பவல்லிதான் உள்ளேயிருந்து வந்து, கம்பிகளுக்கு அந்தப் பக்கம் நின்று செல்போனை அழுத்தினாள். திரையில் எண் ஒன்பதாகி, அவள் பெயர் வந்தது. கேட் திறந்தது.

"நீங்களாக்கா? தோசை மாவெல்லாம் கொடுத்தீங்களே!"

"நீ வந்த அன்னிக்கே அழுத்திட்டேன்மா. மாவு கொடுத்தது அப்புறம்தான். பேரு வெளிய வந்துடுமேன்னு வெக்கப்பட்டு அப்படியே விட்டுட்டேன்."

சஹானா மேலே போனாள். பால்கனியிலிருந்து பார்த்தபோது, புஷ்பவல்லி இன்னும் கேட்டருகிலேயே நின்றிருந்தாள். வீடு திரும்பியவர்கள் திரையைப் பார்த்துவிட்டு அவளிடம் விசாரித்தார்கள்.

"ஆமா, நான்தான். என்ன சந்தேகம்னு எனக்கே சொல்லத் தெரியல. உங்களுக்குத் தெரியுமா?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டாள்.

குருநாதன் திரையிலிருந்த ஒன்பதைப் பார்த்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து செல்போனை எடுத்தார்.