மச்சினன் கையில் ஒரு நூல்

"நரைச்ச மீசை வெச்ச ஆளு செய்யற வேலையா இது?"

பட்டன் தைத்துக்கொண்டிருந்த மனைவியிடம் டெய்லர் பொருமினார்.

"மத்தியானம் செத்த கண்ணசந்தா போதும். உன் தம்பி இஸ்திரிப் பெட்டியை வெச்சுட்டு, நூலோட வந்து என் உள்ளங்கால்ல கிச்சுகிச்சு மூட்டறான். உதைச்சாலும் மறுநாள் வந்துடறான்."

"விளையாட்டுக்குத்தானே."

"எனக்குச் சர்க்கரைன்னதும் எல்லாருக்கும் என் கால்தான் விளையாட்டுச் சாமான். டாக்டர், 'காலைக் காட்டு'ங்கறார். நீயும் அதையே சொல்றே. என் கால் எனக்குத் தெரியாதா?"

அவள் ஊசியில் நூல் கோத்தாள்.

"நான் போட்ட சத்தத்துல இப்ப கொஞ்சம் அடங்கியிருக்கான். முன்ன மாதிரி அழுத்தறதில்லை. இருந்தாலும் இன்னிக்குக் கையும் களவுமா பிடிச்சு நாலு போடறேன்."

சாப்பிட்டுவிட்டு, மர ஸ்கேலை முதுகுக்குக் கீழே ஒளித்துக்கொண்டு பெஞ்சில் நீட்டிப் படுத்தார். கண்ணை மூடினார். பொய்க் குறட்டைகூட விட்டார்.

வரட்டும்.

நேரம் போனதே தவிர, ஆளைக் காணோம். பயந்துட்டான் பயல் என்று சிரித்துக்கொண்டே ஒற்றைக் கண்ணைத் திறந்தார்.

மச்சினன் காலடியில் உட்கார்ந்திருந்தான். நூல் அவர் உள்ளங்காலில் குத்தி வில்லாய் வளைந்து நின்றது.

"எப்ப வந்தே?"

"அஞ்சு நிமிஷமாச்சு அத்தான்."

அவன் சிரிக்கவில்லை. ஸ்கேல் கீழே விழுந்தது. முதல் தடவையாக டெய்லர் தானாகவே காலைத் தூக்கிக் காட்டினார்.

சுண்டுவிரலுக்குக் கீழே உடைந்த மெஷின் ஊசி முனை. அதைச் சுற்றிச் சிவந்து, கணுக்கால்வரை வீக்கம். அவருக்கு ஒன்றுமே வலிக்கவில்லை.

அன்று சாயங்காலமே ஆஸ்பத்திரியில் காலைக் கீறிச் சீழையும் அழுகின சதையையும் எடுத்தார்கள். சுண்டுவிரல் போனது.

"விரலோட போச்சு," என்றார் டாக்டர் மறுநாள். "ரெண்டு நாள் விட்டிருந்தா முழங்காலோட எடுத்திருப்பேன்."

டெய்லர் மச்சினனை முறைத்தார். "அது நம்ம கடை நூல் இல்லையே. எந்தத் துணியும் தைக்க வராது. எங்கடா பிடிச்சே?"

மச்சினன் தலையைச் சொறிந்தான்.

"நாலு மாசம் முன்னாடி அக்கா டாக்டர்கிட்ட அழுதப்போ இவர் குடுத்தது. கால்ல உணர்ச்சி இருக்கான்னு பார்க்கற நைலான் நூலாம். நீங்கதான் காலைக் காட்ட மாட்டீங்களே... நீங்க உதைக்கற வரைக்கும் எங்களுக்கு நிம்மதி அத்தான். ரெண்டு வாரமா உதை லேசாத்தான் விழுந்துச்சு."

டெய்லர் போர்வைக்குள்ளிருந்து கட்டுப் போடாத காலை வெளியே நீட்டினார்.

"மத்தியானமாச்சு. இந்தக் காலை யார் பார்ப்பா, உங்கப்பனா?"