சுவரொட்டியில் சிரிக்கும் முகம்

"காணாமப் போனவ இப்படிப் பல்லைக் காட்டிச் சிரிப்பாளாம்மா? பல்பொடி விளம்பரமா இது?"

தொடர்பு வடிவமைப்பு முதுகலை வகுப்பே கொல்லென்று சிரித்தது. மாணவி சுவரொட்டியை விரித்ததுமே, பேராசிரியர் சிவப்புப் பேனாவோடு குனிந்துவிட்டார்.

"முகம் பெருசா வரணும். நம்பர் தூரத்துலேருந்தே தெரியணும். பார்க்கிறவனுக்கு வயிறு கலங்கணும். எனக்குக் கலங்கலையே!"

அவர் சொல்லச் சொல்ல அவள் மடிக்கணினியில் திருத்திக்கொண்டே வந்தாள்.

"சரி, ப்ராஜெக்டுக்கு ஏன் இந்தத் தலைப்பு?"

"என் ப்ராஜெக்ட் பையில இருக்கு சார். இது என் தங்கச்சி. காலையில பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினவ, போய்ச் சேரல. பெரிய பிரிண்டர் இங்கதானே இருக்கு, அதான் ஓடி வந்தேன்."

சிவப்புப் பேனா தங்கையின் கன்னத்திலேயே நின்றது.

"முகத்தைப் பெருசாக்கிட்டேன் சார். இப்பவே அடிச்சுத் தர்றீங்களா?"